ஐந்தேகால் லட்சத்தில் மூன்று பேர்

1970 பெப்ரவரி 8, ஞாயிறு

இன்றிலிருந்து எழுதுகிறேன். ஊசிமலைத் தோட்டத்தில் நடக்கிற கூத்தை யாராவது எழுதிவைக்க வேண்டும். மேற்பிரிவில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெயர் வீரபுத்திரன். வயது இருபத்திரண்டு. எஸ்.எஸ்.சி. தேறியவன். தொழில் இல்லை.

கூத்து இதுதான். ஐந்து வருடத்துக்கு முன் இரண்டு பிரதமர்கள் டில்லியில் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு. மூன்று லட்சம் பேர் சிலோனுக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. தேயிலைச் செடியைக் கேட்டா கவ்வாத்து வெட்டுகிறார்கள்?

வருகிற ஏப்ரல் முப்பதுதான் கடைசி நாள். அதற்குள் ஒவ்வொருவரும் எந்த நாடு வேண்டுமென்று விண்ணப்பம் போட வேண்டும். யூனியன்காரர்கள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒரு மேசையைப் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். இந்தியா விண்ணப்பத்தில் பூர்வீக ஊர் என்று ஒரு இடம் இருக்கிறது. முனியாண்டிக் கிழவர் வந்தார்.

"எங்க பொறந்தீங்க?"

"இங்கதான். எட்டாம் நம்பர் காம்பரா."

"ஒங்க அப்பா?"

"அவரு ஆறாம் நம்பர்."

"அது இல்ல. இந்தியாவுல எந்த ஊரு?"

"தொறையூருக்குப் பக்கம்னு எங்கய்யா சொல்லுவாரு."

"எந்தப் பக்கம்?"

"கையக் காட்டுவாரு."

"எங்கிட்டு?"

கிழவர் எழுந்து நின்று, தன் அப்பா காட்டிய மாதிரியே தேயிலை ஆலையின் புகைபோக்கிப் பக்கம் கையை நீட்டினார். துறையூர் என்று எழுதினேன். கைநாட்டு வைத்தார். ஒரு மனிதனின் நாடு முடிவாகிவிட்டது. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

1970 பெப்ரவரி 15

யூனியன் பிரதிநிதி காரில் வந்தார். எல்லோரும் சிலோனுக்கே எழுதுங்கள், இது நம் இரத்தத்தில் வளர்ந்த மலை என்றார். இரண்டு மைல் தள்ளியுள்ள தோட்டத்தில் இன்னொரு யூனியன், எல்லோரும் இந்தியாவுக்கே எழுதுங்கள், இங்கே மானத்தோடு வாழ முடியாது என்கிறது. இரண்டு பிரதிநிதிகளும் சிலோன் பிரஜைகள். இருவரும் எங்கும் போகப்போவதில்லை.

மழை. விறகு ஈரம். அக்கா ஊதி ஊதிக் கண் சிவந்து தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள்.

1970 மார்ச் 1

என் வீட்டு நிலவரத்தையும் எழுதிவைக்கிறேன். அக்கா பேச்சாயி என்னைவிட ஆறு வயது மூத்தவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு காம்பரா, லயம் என்கிற வரிசை வீட்டில் எங்கள் ஒற்றை அறை, அவள் பெயரில் இருக்கிறது. தோட்டத்துப் பெயர்ப் பட்டியலில் உள்ளவருக்குத்தான் காம்பரா. பெயர் வெட்டுப்பட்டால் மறுநாளே காவல்காரன் பூட்டுடன் வந்து நிற்பான். அவள் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணும்போது போய் நின்று, சாயங்காலம் வரை கொழுந்தெடுத்து, அட்டைக்கடி இரத்தத்தைக் கழுவிவிட்டு என் வெள்ளைச் சட்டையைத் துவைக்கிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன் வெள்ளையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்கள் மதிக்கமாட்டார்கள்.

மச்சான் சன்னாசி பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவர் பெயர் அங்கே, குடித்தனம் இங்கே. மூன்று வருடத்துக்கு முன் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார். நூறு பேர் சாப்பிட்டோம். பதிவு செய்யவில்லை. இங்கே யாரும் செய்வதில்லை. பதிவுகாரர் ஏழு மைலுக்கு அப்பால் இருக்கிறார். தாலியைவிடப் பெரிய கடதாசி உண்டா என்று இவர்களுக்கு நினைப்பு. பிள்ளை பாக்கியத்துக்கு ஒன்றரை வயது. அவள் பிறந்ததை மட்டும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் அப்பா பெயரோடு பதிந்துவைத்திருக்கிறார்.

மச்சானின் அப்பா இந்தியாவுக்கு எழுதிவிட்டாராம். மச்சானும் அங்கேதான் போக வேண்டும் என்கிறார்.

"அங்க வீடு குடுக்குறாங்களாம்டா. கடன் குடுக்குறாங்களாம். கட வச்சுப் பொழைக்கலாமாம்."

"யாரு சொன்னது மச்சான்?"

"கண்டியில சொன்னாங்களாம்."

"சொன்னவன் போயிட்டானா?"

"நீ ஒருத்தன்டா. கல்யாண வீட்டுல போயி எழவு வெசாரிப்ப."

அக்கா சிரித்தாள். அவள் இவர் எங்கே கூப்பிட்டாலும் போவாள். சாக்கைக் கட்டு என்றால் ஏன் என்று கேட்காமல் கட்டுவாள். இப்படிப்பட்ட ஜனங்களை வைத்துக்கொண்டு எந்தப் புரட்சியும் நடக்காது.

1970 மார்ச் 15, ஞாயிறு

வழி கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு சர்க்காரையும் ஒரே கல்லால் அடிக்கிற வழி.

சட்டம் இவர்கள் கல்யாணத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. அப்படியானால் சட்டப்படி அக்கா மணமாகாதவள். மணமாகாத, வயது வந்த பெண் தனியாக விண்ணப்பிக்கலாம். அவள் சிலோனுக்கு எழுதட்டும், மச்சான் இந்தியாவுக்கு எழுதட்டும். எந்தக் கதவு முதலில் திறக்கிறதோ அதற்குள் மற்றவரை இழுத்துக்கொள்ளலாம். கல்யாணத்தை அப்போது பதிந்தால் போயிற்று. ஒரே நாட்டுக்கு எழுதிவிட்டு அந்த ஒரு கதவு திறக்காவிட்டால் நடுத்தெருதான்.

மச்சானுக்கு இது பிடித்துவிட்டது. "படிச்ச மூளன்னா மூளதான்" என்று பீடியை நீட்டினார்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "பிள்ளைக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"பாக்கியம் பேரு மச்சானோட விண்ணப்பப் பாரத்துல போவும்க்கா. மணமாகாதவன்னு எழுதிட்டு ஒன்னோடதுல பிள்ள பேரப் போட்டா அசிங்கமில்ல? அதுவுமில்லாம பொறப்புப் பத்திரம் மச்சான் பேருலதான இருக்கு. பேருதானே. பிள்ள ஒன் இடுப்புலதான் இருக்கப்போவுது."

மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

1970 மார்ச் 22

இரண்டு விண்ணப்பமும் எழுதி முடித்தேன். மச்சானுடையதில் ஒரு இடம் தொந்தரவாக இருந்தது. பிள்ளையைக் காட்டினால் பிள்ளையின் தாயையும் காட்டச் சொல்கிறது. கொஞ்சம் யோசித்துப் பொருத்தமாக நிரப்பினேன். மச்சானுக்குப் படிக்கத் தெரியாது, தெரிந்திருந்தாலும் புரிந்திருக்காது.

அக்கா கைநாட்டு வைப்பதற்குமுன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மை போதவில்லையோ என்று டப்பியைத் தள்ளினேன்.

1970 ஏப்ரல் 29

அனுப்பியாயிற்று. ஊசிமலை மேற்பிரிவில் மட்டும் நூற்றுப் பதினெட்டு விண்ணப்பம் என் கையால். அவற்றில் எண்பதுக்கு மேல் சிலோனுக்கு. மூன்று லட்சம் இடத்துக்கு எத்தனை லட்சம் பேர் எழுதியிருக்கிறார்களோ. இதைக் கூட்டிப் பார்க்கத் தெரியாதவர்களா ஒப்பந்தம் போட்டவர்கள்? தெரியும். பிழை எங்கள் பக்கம் விழட்டும் என்றுதான் எழுதவைத்தார்கள். நீயே கேட்டாய், நீயே கையெழுத்துப் போட்டாய் என்று நாளைக்குச் சொல்லலாம்.

எனக்கும் சிலோனுக்குத்தான் போட்டேன்.

1971 ஏப்ரல் 12

ஊரடங்குச் சட்டம். சிங்கள இளைஞர்கள் துவக்கு எடுத்துவிட்டார்களாம். ஆட்சியையே புரட்டப்போகிறார்களாம். எனக்கும் அவர்கள் வயதுதான், எனக்கும் வேலை இல்லை. ஆனால் அவர்களுடைய வகுப்புகளில் எங்களை இந்தியா நீட்டிய கை என்று பாடம் நடத்தினார்களாம். சர்க்காரும் அதைத்தான் சொல்கிறது. சுட்டுக்கொள்கிற இரண்டு கூட்டமும் எங்கள் விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

கடை பூட்டு. சீனி இல்லை.

1972 மே 23

நேற்றிலிருந்து நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா. விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. நான் கேட்ட சிலோன் இப்போது இல்லை.

1973 செப்ரெம்பர் 16

அக்காவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது! மூன்று வருடமும் சில மாதமும் ஆயிற்று. மேற்பிரிவில் அவள்தான் முதல் ஆள். பிரதிநிதி மறுபடி காரில் வந்தார். மடுவத்தில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்து மாலை போட்டார். இது யூனியனின் நீண்டகாலப் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்றார். போராடியது என் பேனா. நான் கூட்டத்தில் நின்றேன்.

கணக்கப்பிள்ளை, "என்ன பேச்சாயி, இனி ஒன்னய வேலைக்குப் போன்னு நான் சொல்லலாமா, இல்ல மனுப் போட்டுக் கேக்கணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மாலையைக் கழற்றி பாக்கியத்தின் கழுத்தில் போட்டாள்.

இரவுக்கு மரவள்ளிக் கிழங்கு. கூப்பன் அரிசி குறைந்துபோய்விட்டது, மாவும் கிடைப்பதில்லை. கீழ்ப்பிரிவில் போன வாரம் ஒரு கிழவி பட்டினியில் செத்தாள். பிரஜையோ, நாடற்றவளோ, தெரியாது.

1973 நவம்பர் 4

மச்சானுக்கு இந்தியாப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அவர் பெயர், பாக்கியம் பெயர். அவள் படம் இல்லை, பெயர் மட்டும். அடுத்த வருடம் மார்ச் மாதம் இருபதுக்குள் இரண்டு பேரும் நாட்டை விட்டுப் போக வேண்டும். தவறினால் பொலிஸ் வந்து ஏற்றும். போன மாதம் வேறு தோட்டத்தில் ஒரு குடும்பத்தைக் கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள்.

ஆக, இரண்டு கதவும் திறந்துவிட்டது. ஒவ்வொன்றும் வேறு ஆளுக்கு.

"இப்பப் பதிஞ்சிரலாம்ல?" என்று அக்கா கேட்டாள். "அதான் சொன்னியே, தெறந்த பெறகு இழுத்துக்கலாம்னு."

"பதியலாம். அவசரப்படக் கூடாது" என்றேன்.

1973 நவம்பர் 19, திங்கள்

கண்டியில் இந்தியக் கந்தோர், பாஸ்போர்ட் கொடுக்கிற அலுவலகம். நான், அக்கா, மச்சான், பாக்கியம். நான்கு மணி நேரம் வரிசை. எழுதுவினைஞர் தமிழர், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. கோப்பைத் திறந்து பார்த்தார். மச்சானைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"இவங்க யாரு?"

"என் சம்சாரங்கய்யா."

"ரெண்டாம் தாரமா?"

"இல்லீங்களே. ஒண்ணுதான்."

"பிள்ளையோட அம்மா காலமாயிட்டாங்கன்னு இதுல எழுதியிருக்கே."

இதைத்தான் பொருத்தமாக நிரப்பினேன் என்று அன்றைக்கு எழுதியிருந்தேன். தாய் உயிரோடிருந்தால் அவளும் இந்தியாவுக்கு வருகிறாளா என்று கேட்பார்கள். இல்லையென்றால் பிள்ளை ஏன் அவளோடு இல்லை என்று கேட்பார்கள். கேள்வி கேட்காமல் இருக்க ஒரே வழி அதுதான். கடதாசியில்தானே.

எழுதுவினைஞர் கெட்டவரல்ல. விதியைச் சொன்னார். இந்தக் கந்தோரில் இவங்க இறந்தவங்க. சிலோன் கந்தோரில் இவங்க கல்யாணம் ஆகாத சிலோன் பிரஜை. இரண்டு வகையிலும் இவங்களை இந்தப் பாஸ்போர்ட்டில் சேர்க்க முடியாது. எது பொய், யார் எழுதினது, ஏன் எழுதினாங்க என்று சத்தியக் கடதாசி கொண்டுவாங்க, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்.

பஸ் நாவலப்பிட்டியைத் தாண்டியது. பிறகு மச்சான், வெளியே பார்த்தபடி, "ஏன்டா, கொன்னதுதான் கொன்ன. ஒரு காச்சல், ஒரு பாம்புக்கடின்னு எழுதியிருக்கக் கூடாதா? சும்மாவே செத்துப்போனான்னா யாருடா நம்புவான்?" என்றார். முன் சீட்டுக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பாக்கியம், "வலிக்குதும்மா" என்றாள்.

மச்சான் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

1973 டிசம்பர் 2

சத்தியக் கடதாசி எழுத ஜே.பி., அதாவது சமாதான நீதவான், வேண்டும். அட்டனில் மாசிலாமணி என்று ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் இருக்கிறார். இன்று போகலாமென்றிருந்தேன். மழை.

1973 டிசம்பர் 16

போனேன். ஜே.பி. மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். எப்போது வருவாரென்று கேட்க மறந்துவிட்டேன்.

1973 டிசம்பர் 30

மழை.

1974 ஜனவரி 13

நாளை பொங்கல். அரிசி இல்லை. அக்கா தாளில் சுற்றி வைத்திருந்த ஒரு சுண்டு அரிசியை எடுத்தாள். எனக்கும் பாக்கியத்துக்கும் மட்டும் வடித்தாள்.

எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் பிரிந்திருக்கின்றன. கீழ்ப்பிரிவில் தகப்பன் இந்தியா, மகன் இலங்கை. ஆலைப் பக்கத்து லயத்தில் கிழவி இந்தியா, கிழவன் இன்னும் யாருக்கும் சொந்தமில்லை. இது தனிமனிதப் பிழையல்ல, ஒப்பந்தத்தின் பிழை. டில்லியில் ஒரு பேனா அசைந்தது, இங்கே தாலி அறுந்தது. சரித்திரம் இப்படித்தான் எழுதப்படுகிறது. இதை ஒரு கட்டுரையாகவே எழுதலாம்.

அக்கா, "எழுதுறது அந்தச் சத்தியக் கடுதாசியா?" என்று கேட்டாள். நோட்டை மூடினேன்.

1974 ஜனவரி 30

வானொலிச் செய்தி. மிச்சம் வைத்திருந்த ஒன்றரை லட்சம் பேரையும் இரண்டு பிரதமர்களும் முடித்துவிட்டார்கள். உனக்கு எழுபத்தையாயிரம், எனக்கு எழுபத்தையாயிரம். கறிக்கடையில்கூட எலும்பு யாருக்கு, ஈரல் யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்பார்கள்.

கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றுதான் கேட்டோம். ஒரு ஐம்பது பேர் இருப்பார்கள். யாரும் கோபப்படவில்லை. முனியாண்டிக் கிழவர், "அப்ப என்னய எந்தப் பாதியில போட்டிருக்காங்க தம்பி?" என்று கேட்டார். அவருக்கு இன்னும் ஒரு பதிலும் வரவில்லை. எனக்கும்தான்.

"லாட்டரிச் சீட்டுல பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். கிழவர் உண்மையாகவே, "அது எங்க விக்குது?" என்றார்.

1974 பெப்ரவரி 10, ஞாயிறு

லயத்துப் பிள்ளைகள் பாக்கியத்தைச் சுற்றி நின்று, "ஒங்கம்மா செத்துட்டா, ஒங்கம்மா பேயி" என்று கத்தியிருக்கிறார்கள். பஸ்ஸில் மச்சான் சொன்னது எப்படியோ லயம் வரை வந்துவிட்டது. அவள் அழாமல் வந்து, ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்த அக்காவின் காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். பேய்க்குக் கால் இருக்காது என்று யாரோ சொன்னார்களாம். ஐந்து வயது.

அக்கா உள்ளே வந்தாள். ஈரக் கையைத் துடைக்கவில்லை.

"நாளைக்கு நான் வேலைக்குப் பேரு போடல. அட்டனுக்குப் போறோம். மழ பேஞ்சாலும் போறோம்."

"ஜே.பி. இருக்காரோ இல்லியோ..."

"இருக்காரு. ஆளனுப்பிக் கேட்டுட்டேன். டிசம்பர் மாசம் பூராவும் வீட்டுலதான் இருந்தாராம்."

1974 பெப்ரவரி 11, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜே.பி. மாசிலாமணி வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மச்சானும் அக்காவும் நின்றார்கள். எனக்கு நாற்காலி தந்தார், வெள்ளைச் சட்டையைப் பார்த்து. விஷயத்தைச் சொன்னேன். ஒப்பந்தத்திலிருந்து ஆரம்பித்தேன். கல்யாணப் பதிவு பற்றித் தோட்டங்களில் நிலவும் அறியாமை, விண்ணப்பத்தில் இருந்த கேள்விகளின் குழப்பம், இரண்டு அரசாங்கங்களின் அலட்சியம். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். ஒன்றையும் எழுதவில்லை.

"இதெல்லாம் பேப்பருக்கு எழுது, நல்லா இருக்கும். நான் கேக்குறது ஒண்ணுதான். இந்த அம்மா உசிரோட இருக்காங்க, புருஷன் இருக்காரு, பிள்ளை இருக்கு. உனக்கு அது தெரியும். தெரிஞ்சே பொய் எழுதியிருக்காய். ஏன்?"

"தவறுதலாங்கய்யா."

"தவறுதலா ஒரு எழுத்து மாறும். உன் அக்கா செத்துப்போவாங்களா?"

"ரெண்டு பக்கமும் வாய்ப்பு இருக்கட்டும்னு..."

"அப்ப பிள்ளையையும் ரெண்டு பக்கமும் எழுத வேண்டியதுதானே. நீ அக்காவை மட்டும் இங்க வச்சிருக்காய். மற்ற ரெண்டு பேரையும் அனுப்பியிருக்காய். கந்தோர்ல காரணம் கேக்குறாங்க. காரணம் இல்லாம நான் கையெழுத்துப் போட ஏலாது."

மேசைமேல் ஒரு எறும்பு மைக்கூட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அக்கா ஒரு அடி முன்னே வந்தாள். இத்தனை வருடத்தில் துரைக்கு முன்னாலோ கணக்கப்பிள்ளைக்கு முன்னாலோ அவள் தானாகப் பேசி நான் பார்த்ததில்லை.

"நான் சொல்றேங்கய்யா, எழுதிக்கங்க. நான் போயிட்டா காம்பரா போயிரும். இவனுக்குச் சோறாக்கிப் போட ஆளிருக்காது. மலைக்கு வேலைக்குப் போறது இவனுக்குக் கவுரவக் கொறச்சல். அதான் என்னய இங்கிட்டு எழுதிட்டான்."

"அக்கா..." என்றேன்.

"இருடா. நான் பேசிக்கிட்டிருக்கேன்ல." ஜே.பி.யைப் பார்த்தே சொன்னாள். "கைநாட்டு வைக்கையிலயே தெரியுங்கய்யா எனக்கு. தம்பிதானே, எங்கயும் போவ மாட்டான், சோத்துக்கு என்ன செய்வான்னு வச்சேன். பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்கன்னு தெரியாது. நான் செத்துப்போனேன்னு எழுதினதும் தெரியாது."

மச்சான் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜே.பி. என்னைப் பார்த்தார். "சரிதானா?"

தலையாட்டினேன்.

"வாயால சொல்லு. இது சத்தியக் கடதாசி."

"சரிதாங்கய்யா."

"பொய் வாக்குமூலத்துக்கு உன்னை உள்ள போடலாம், தெரியுமா? ஆனா அங்கயும் உனக்கு இன்னொருத்தர்தான் சோறாக்கிப் போடணும்." அவர் சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு எழுத ஆரம்பித்தார். எழுதியதை என்னையே சத்தமாக வாசிக்கச் சொன்னார். மூன்றாம் பந்தி இப்படி: எனது தமக்கை பேச்சாயி நாட்டைவிட்டுச் சென்றால் எனக்கு உணவும் உறைவிடமும் இல்லாது போகும் என்ற காரணத்தினாலேயே மேற்படி பொய்த் தகவல்களை நான் எழுதினேன்.

பிழையில்லாத தமிழ். கையெழுத்துப் போட்டேன்.

அங்கிருந்து நேரே பதிவுகாரரிடம் போனார்கள். நான் வெளியே நின்றேன். ஒரு சாட்சி குறைகிறது என்று மச்சான் வந்து கூப்பிட்டார். போய் அதிலும் கையெழுத்துப் போட்டேன். பாக்கியம் மேசைக்குக் கீழே உட்கார்ந்து பாண் தின்றுகொண்டிருந்தாள்.

1974 மார்ச் 1

பிரஜாவுரிமையை அக்கா வேண்டாமென்று எழுதிக்கொடுத்த கடிதத்துக்குக் கொழும்பிலிருந்து பதில் வந்துவிட்டது. ஏற்றுக்கொண்டார்களாம். கொடுப்பதற்கு மூன்றரை வருடம் எடுத்தவர்கள் திரும்ப வாங்க எடுத்தது பதினொரு நாள். அனுப்ப வேண்டிய கணக்கில் இன்னும் ஒரு தலை சேர்ந்தால் அவர்களுக்குக் கசக்குமா?

பிரதிநிதி வழியில் பார்த்து, "என்ன வேலை செஞ்சிருக்கீங்க? ஊசிமலையின் முதல் பிரஜை!" என்று கோபப்பட்டார். "ஒங்க மாலை பெட்டியில கெடக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் அக்கா.

1974 மார்ச் 8

கண்டியில் அவளையும் பாஸ்போர்ட்டில் சேர்த்துவிட்டார்கள். மனைவி, உயிருடன். அதே எழுதுவினைஞர். "பிழைச்சு வந்துட்டீங்க" என்றாராம். நான் போகவில்லை. என்னைக் கூப்பிடவில்லை.

1974 மார்ச் 17

இன்று கோச்சியேறினார்கள். அட்டன் ஸ்டேசனில் பத்துப் பதினைந்து குடும்பம். ஒரே ஒப்பாரி. தலைமன்னார் வரை கோச்சி, அங்கிருந்து கப்பல், மண்டபத்தில் முகாம். அதற்குப் பிறகு எங்கே என்று யாருக்கும் தெரியாது. மச்சானின் பேச்சில் இன்னும் அந்த வீடும் கடையும் இருக்கிறது. மூன்று மாதத்தில் நீலகிரியிலோ வேறெங்கோ இதே தேயிலையைத்தான் இவர்கள் பிடுங்கப்போகிறார்கள். சொல்லவில்லை.

ஒரு உத்தியோகத்தர் கையில் அட்டையை வைத்துக்கொண்டு, ஏறுகிறவர்களைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஐந்தேகால் லட்சத்தில் மூன்று பேர். பாக்கியத்தின் தலையில் பென்சில் பட்டது. அவள் திரும்பி அவரை முறைத்தாள்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எவ்வளவோ சொல்ல வேண்டுமென்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். "கடுதாசி போடுக்கா" என்றேன். அவளுக்கு எழுதத் தெரியாது.

"பருப்பு ஊறப்போட்டுட்டு வந்தேன். இன்னைக்கே ஆக்கிரு, புளிச்சிரும்" என்றாள். கோச்சி நகர்ந்த பிறகு தலையை வெளியே நீட்டி, "தண்ணி ரெண்டு வெரக்கட மேல நிக்கணும்டா!" என்று கத்தினாள். மற்றவர்கள் எல்லோரும் ஊரையும் சாமியையும் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பருப்பு அடிபிடித்துவிட்டது. தின்றேன்.

1974 மார்ச் 18, திங்கள்

ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளை பட்டியலை மடக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க சேர். எந்த நாட்டுக்குப் பாரம் எழுதணும்?"

"பேரு பதியணும்."

"யாரு பேரு?"

"என் பேரு."

"என்ன வேல தெரியும்?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதிப் பேருடைய நாடு என் கையால் எழுதியது.

"எதுவும் தெரியாது" என்றேன்.

மலையில் மழைத்தண்ணி ஓடுகிற கான் வெட்டப் போட்டார்.

1974 மார்ச் 19

காம்பரா என் பெயரில் மாறிவிட்டது. இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் உடைந்துவிட்டது. பேனா பிடிக்க முடியவில்லை.